நீதிபதி நாற்காலியில் இருந்தபடியே கடனுக்காகச் சிறை சென்ற ஜேம்ஸ் வில்சன் யார்?

கேள்வி இதுதான்: அமெரிக்காவின் முதல் உச்ச நீதிமன்ற நீதிபதிகளில் ஒருவர் பதவியில் இருக்கும்போதே கடன் பாக்கிக்காகச் சிறைக்குப் போனாராமே, உண்மையா? அரசமைப்புச் சட்டத்தை எழுதியதிலும் அவருக்குப் பெரும் பங்கு உண்டென்றால், ஏன் அவர் பெயர் பலருக்கும் தெரிவதில்லை?

உண்மைதான். ஒரு தடவை இல்லை, இரண்டு தடவை சிறைக்குப் போனார். பெயர் ஜேம்ஸ் வில்சன். 1776ஆம் ஆண்டின் சுதந்திரப் பிரகடனம், 1787ஆம் ஆண்டின் அரசமைப்புச் சட்டம் ஆகிய இரண்டிலும் கையெழுத்துப் போட்டவர்கள் மொத்தமே ஆறு பேர். அவர்களில் இவர் ஒருவர். ஆனால் சிறைக் கதையை மட்டும் சொல்லி நிறுத்திவிட்டால் அவருக்கு அநியாயம் செய்ததாகிவிடும். அரசமைப்புச் சட்டத்தை எழுத 1787இல் பிலடெல்பியாவில் கூடிய மாநாட்டில் சாதாரண மக்களின் ஓட்டை வில்சன் அளவுக்கு நம்பியவர் இன்னொருவர் இருந்தார் என்று எனக்குத் தோன்றவில்லை. அதே மனிதரின் வீட்டைத்தான் மக்கள் தேடி வந்து சுட்டார்கள், அவருக்கே கொடும்பாவி கட்டி எரித்தார்கள். இந்த இரண்டையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

ஸ்காட்லாந்தின் ஃபைஃப் பகுதியில் சீரெஸ் என்ற ஊருக்குப் பக்கத்தில், 1742இல் ஒரு விவசாயக் குடும்பத்தில் பிறந்தார். பையனைப் பாதிரியாராக்க வேண்டும் என்பது வீட்டாரின் ஆசை. உதவித்தொகை கிடைத்து செயின்ட் ஆண்ட்ரூஸ் பல்கலைக்கழகத்தில் படித்தார். அப்பா இறந்ததும் இறையியல் படிப்பு பாதியில் நின்றது. இருபத்து மூன்று வயதில் கப்பலேறி, பத்திரங்கள், செய்தித்தாள்கள் மேல் பிரிட்டன் போட்ட முத்திரை வரிக்கு எதிராக அமெரிக்கா கொதித்துக்கொண்டிருந்த நேரத்தில் பிலடெல்பியா வந்து சேர்ந்தார். முதலில் பிலடெல்பியா கல்லூரியில் ஆசிரியர் வேலை. அப்புறம் ஜான் டிக்கின்சன் என்ற பெயர்பெற்ற வக்கீலிடம் சேர்ந்து சட்டம் படித்தார். அந்தக் காலத்தில் அங்கே சட்டக் கல்லூரி என்று எதுவும் கிடையாது. சீனியரின் அலுவலகத்தில் உட்கார்ந்து, அவருடைய புத்தகங்களைப் படித்து, பத்திரங்களைப் பார்த்து எழுதித்தான் வக்கீலாக முடியும்.

1767இல் வக்கீலானதும் ரெடிங், பிறகு கார்லைல் ஆகிய ஊர்களில் தொழில் நடத்தினார். கார்லைல் அப்போது குடியேற்றத்தின் மேற்கு விளிம்பு. ஸ்காட்லாந்து, அயர்லாந்திலிருந்து வந்த குடும்பங்கள் காட்டைத் திருத்தி நிலம் பிடித்துக்கொண்டிருந்தன. அதனால் வழக்குகளில் பெரும்பகுதி நில வழக்குகள். அவருடைய வருமானம் அதில்தான் வளர்ந்தது; நிலத்தின் மேல் தீராத பசியும் அங்கேதான் ஒட்டிக்கொண்டது என்று நினைக்கிறேன். கையில் இருக்கும் பணத்துக்கு மேல் கடன் வாங்கி நிலம் வாங்குவது இளம் வயதிலேயே அவருக்குப் பழகிவிட்டது.

அவரை ஊரறியச் செய்தது 1774இல் வெளிவந்த ஒரு துண்டுநூல். அமெரிக்கக் குடியேற்றங்களின் மேல் பிரிட்டிஷ் நாடாளுமன்றத்துக்கு எந்த அளவுக்கு அதிகாரம் உண்டு என்பதுதான் பொருள். எங்கே கோடு போடுவது என்று தேடிக்கொண்டுதான் எழுதத் தொடங்கினாராம். முடிவில், கோடு போடவே இடமில்லை, நாடாளுமன்றத்துக்கு எந்த அதிகாரமும் கிடையாது என்று வந்து நின்றார். மனிதர் எல்லாரும் இயல்பிலேயே சமம், ஆளப்படுபவர்களின் சம்மதம் இல்லாமல் எந்த அரசும் செல்லாது என்பது அவருடைய வாதம். இரண்டு வருடம் கழித்து சுதந்திரப் பிரகடனத்தில் வந்த கருத்தோடு இதை ஒப்பிட்டுப் பார்த்தால் உறவு பளிச்சென்று தெரியும்.

ஆனால் 1776 ஜூனில் சுதந்திரத் தீர்மானம் வந்தபோது அவர் உடனே கை தூக்கவில்லை. தன்னை அனுப்பிய பென்சில்வேனியா இதற்கு அனுமதி தரவில்லை, மக்களிடம் கேட்டு வர அவகாசம் வேண்டும் என்றார். கோழைத்தனம் என்று அப்போதே சிலர் பேசினார்கள். எனக்கு அப்படித் தெரியவில்லை. சம்மதம்தான் எல்லாவற்றுக்கும் அடிப்படை என்று எழுதியவர், சம்மதம் வாங்காமல் ஓட்டுப் போட்டிருந்தால்தான் முரணாக இருந்திருக்கும். ஜூலை 2 வாக்கெடுப்பில் பென்சில்வேனியாவின் ஓட்டு 3க்கு 2 என்று ஆதரவாக விழுந்தது. பெஞ்சமின் பிராங்க்ளின், ஜான் மார்ட்டன், வில்சன் ஆகியோர்தான் அந்த மூவர். குருநாதர் டிக்கின்சன் ஒதுங்கி நின்றுவிட்டார்.

சுதந்திரம் வந்த கையோடு பென்சில்வேனியா தனக்கென ஓர் அரசமைப்பை எழுதிக்கொண்டது. ஒரே அவை, பலமில்லாத நிர்வாகம். மேலோட்டமாகப் பார்த்தால் பெரிய ஜனநாயகம். வில்சன் அதைக் கடுமையாக எதிர்த்தார். தட்டிக் கேட்க ஆளில்லாத ஒற்றைச் சபை எதையும் செய்துவிடும் என்பது அவர் பயம். இதனாலேயே 1777இல், எல்லா மாநிலங்களுக்கும் பொதுவான அவையாக இருந்த காங்கிரஸில் அவர் பதவி பறிபோனது. போதாததற்கு, பிரிட்டிஷ் படைக்கு உதவியதாகத் துரோகக் குற்றம் சாட்டப்பட்டவர்களுக்கு 1778இல் வக்கீலாக ஆஜரானார். அவர்களில் ஆபிரகாம் கார்லைல், ஜான் ராபர்ட்ஸ் என்ற இரண்டு குவேக்கர்கள் (போரை ஏற்காத ஒரு கிறிஸ்தவப் பிரிவினர்) தூக்கிலிடப்பட்டார்கள். மற்றவர்களில் பெரும்பாலோர் தப்பினார்கள். போர் நடந்துகொண்டிருக்கும் ஊரில் எதிரிக்கு வாதாடிய வக்கீலை யார் விரும்புவார்கள்?

அதற்கான விலை 1779 அக்டோபர் 4 அன்று வந்தது. காகிதப் பணம் மதிப்பிழந்து மாவும் விறகும் எட்டாத விலைக்குப் போயிருந்தன. கூலி வேலை செய்து, போருக்கும் போய் வந்த குடிப்படை வீரர்கள் பதுக்கல்காரர்கள் மேல் ஆத்திரத்தில் இருந்தார்கள். வில்சனோ விலைக் கட்டுப்பாடு கூடாது என்று பேசியவர். அன்று குடிப்படையினர் சில வியாபாரிகளைப் பிடித்து முரசு கொட்டித் தெருவில் நடத்திக்கொண்டு, மூன்றாம் தெருவும் வால்நட் தெருவும் சந்திக்கும் முனையில் இருந்த வில்சன் வீட்டுக்கு முன்னால் வந்தார்கள். உள்ளே வில்சனும், ராபர்ட் மாரிஸ் உள்ளிட்ட நண்பர்களும் துப்பாக்கிகளோடு இருந்தார்கள். ஊர்வலம் கடந்து போகும் நேரத்தில் மாடி ஜன்னலைத் திறந்து கேப்டன் கேம்ப்பெல் என்பவர் ஏதோ கத்தினார். சுடும் சத்தம். கேம்ப்பெல் செத்தார். கீழே இருந்தவர்கள் சம்மட்டியால் கதவை உடைத்தார்கள். மாநிலத் தலைவர் ஜோசப் ரீட் கையில் கைத்துப்பாக்கியோடு குதிரையில் வந்து, குதிரைப்படை பின்னாலேயே வந்து சேர்ந்த பிறகுதான் சண்டை அடங்கியது. ஐந்தாறு உயிர்கள் போயின. அன்றிலிருந்து அந்த வீட்டுக்கு 'வில்சன் கோட்டை' என்று பேர் விழுந்தது. விலைவாசியால் நொந்த அந்த வீரர்களின் கோபத்திலும் நியாயம் இருந்தது என்பதையும் சொல்லியாக வேண்டும்.

இனி 1787. இதுதான் அவர் வாழ்வின் உச்சம். மாநாட்டில் அதிகம் பேசியவர்களின் வரிசையில் கூவர்னர் மாரிஸ் என்ற இன்னொரு பென்சில்வேனியா பிரதிநிதிக்கு அடுத்து வில்சன். 168 முறை எழுந்து பேசினார். நல்ல உயரம், தடித்த மூக்குக்கண்ணாடி, விலகாத ஸ்காட்லாந்து உச்சரிப்பு. ஜார்ஜியா பிரதிநிதி வில்லியம் பியர்ஸ் சக பிரதிநிதிகளைப் பற்றி எழுதி வைத்த குறிப்பில், வில்சன் பேச்சழகால் ஈர்ப்பவர் இல்லை, தர்க்கத்தின் பலத்தால் ஈர்ப்பவர் என்கிறார். தள்ளாத வயதில் இருந்த பிராங்க்ளின் எழுதிக் கொண்டுவரும் உரைகளை வாசித்துக் காட்டியதும் இவர்தான். செப்டம்பர் 17, கடைசி நாளின் புகழ்பெற்ற பிராங்க்ளின் உரைகூட வில்சன் குரலில்தான் அவையில் ஒலித்தது.

ஜூன் 1. நிர்வாகத் தலைமை ஒரே ஆளிடம் இருக்க வேண்டும் என்று வில்சன் முன்மொழிந்தார். அவை அப்படியே மௌனமாகிவிட்டது. மன்னராட்சியை உதறிவிட்டு வந்தவர்கள் அவர்கள். போதாக்குறைக்கு, அந்தப் பதவிக்கு எல்லார் மனதிலும் இருந்த ஜார்ஜ் வாஷிங்டன் அவையிலேயே உட்கார்ந்திருக்கிறார். யார் வாயைத் திறப்பது? முக்கியமான விஷயம், மனதில் உள்ளதைச் சொல்லுங்கள் என்று பிராங்க்ளின் தூண்டிய பிறகுதான் விவாதமே தொடங்கியது. இது மன்னராட்சியின் கரு என்று வர்ஜீனியாவின் எட்மண்ட் ராண்டால்ஃப் எதிர்த்தார். மூன்று நாள் கழித்து வில்சன் பக்கம் வென்றது. ஒற்றை ஜனாதிபதி என்ற அமைப்பு அங்கே பிறந்தது.

அந்த ஜனாதிபதியை யார் தேர்ந்தெடுப்பது? மக்களே நேரடியாக, என்றார் வில்சன். ஏறக்குறைய யாரும் அதை ஏற்கவில்லை. மறுநாள், மக்கள் தேர்ந்தெடுக்கும் தேர்வாளர் குழு ஒன்று அவரைத் தேர்ந்தெடுக்கட்டும் என்று மாற்றுவழி சொன்னார். அதற்கும் இரண்டே மாநிலங்கள்தான் ஆதரவு. கோடை முழுக்கச் சுற்றிச் சுற்றி விவாதித்துவிட்டு, செப்டம்பரில் அதைப்போன்ற ஏற்பாட்டுக்கே மாநாடு திரும்பி வந்தது. ஆனால் அந்தத் தேர்வாளர்களை எப்படித் தேர்ந்தெடுப்பது என்பதை மாநிலங்களின் விருப்பத்துக்கு விட்டுவிட்டது. இன்றைக்கும் அமெரிக்கத் தேர்தல் நேரத்தில் எல்லாரும் அலசும் தேர்வாளர் குழுவின் மூலம் இதுதான். அதைக் குறை சொல்பவர்கள் பலர் வில்சனையும் சேர்த்துத் திட்டுவது உண்டு. அவர் முதலில் கேட்டது நேரடித் தேர்தலைத்தான் என்பதை அவர்கள் மறந்துவிடுகிறார்கள்.

மேலவையான செனட்டையும் மக்களே தேர்ந்தெடுக்க வேண்டும் என்றார். மாநிலச் சட்டமன்றங்கள் தேர்ந்தெடுக்கட்டும் என்று எதிர்த் தீர்மானம் கொண்டுவந்தவர் யார் தெரியுமா? இப்போது டெலவேர் பிரதிநிதியாக வந்திருந்த அதே டிக்கின்சன். வில்சன் பக்கம் நின்றது பென்சில்வேனியா மட்டும். செனட்டில் ஒவ்வொரு மாநிலத்துக்கும் சம இடம் என்ற ஏற்பாட்டையும் கடைசிவரை எதிர்த்தார். அரசை மனிதர்களுக்காக அமைக்கிறோமா, மாநிலம் என்ற கற்பனைப் பிறவிகளுக்காக அமைக்கிறோமா என்று கேட்டார். செனட்டுக்கு நேரடித் தேர்தல் 17ஆவது திருத்தத்தின் வழியாக 1913இல்தான் வந்தது. சம இடம் இன்றுவரை மாறவில்லை.

அதே வில்சன்தான் ஜூன் 11 அன்று, மாநிலங்களின் பிரதிநிதித்துவத்தைக் கணக்கிடும்போது அடிமைகளை ஐந்தில் மூன்று பங்காக எண்ணலாம் என்ற தீர்மானத்தை முன்மொழிந்தார். தென் கரோலினாவின் சார்லஸ் பிங்க்னி வழிமொழிந்தார். தெற்கு மாநிலங்களைக் கூட்டுக்குள் வைத்திருக்க அது தேவை என்று வில்சன் கணக்குப் போட்டார். அடிமைகள் குடிமக்கள் என்றால் ஏன் முழுதாக எண்ணவில்லை, சொத்து என்றால் மற்ற சொத்தை ஏன் எண்ணவில்லை என்று பின்னால் அவரே அதன் ஓட்டையைச் சுட்டிக்காட்டவும் செய்தார். அவர் வீட்டிலும் ஓர் அடிமை இருந்தார். மனிதர் எல்லாரும் சமம் என்று எழுதிய கையின் மேல் இது பெரிய கறை. காலத்தைக் காரணம் காட்டி நான் இதை ஒதுக்க மாட்டேன். தெற்கு மாநிலங்களுக்குப் பல பத்தாண்டுகள் கூடுதல் பலம் கொடுத்தது இந்தக் கணக்குதான்.

ஜூலை கடைசியில் மாநாடு பத்து நாள் போல ஒத்திவைக்கப்பட்டது. அதுவரை நிறைவேறிய தீர்மானங்களைச் சட்ட வடிவில் எழுத ஐந்து பேர் குழு அமைத்தார்கள்: ஜான் ரட்லெட்ஜ், ராண்டால்ஃப், நதேனியல் கோரம், ஆலிவர் எல்ஸ்வொர்த், வில்சன். இந்தக் குழுவின் வரைவுகள் வில்சன் கையெழுத்தில் கிடைத்திருக்கின்றன; பென்சில்வேனியா வரலாற்றுக் கழகத்தில் இருக்கின்றன. 'மக்களாகிய நாங்கள்' என்று தொடங்கி, மாநிலங்களின் பெயரை ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டு போகும் முகவுரை அதில் உண்டு. கடைசி நடையைச் செதுக்கியவர் கூவர்னர் மாரிஸ். ஆனால் சிதறிக் கிடந்த தீர்மானங்களை ஓர் அரசமைப்பின் உருவத்துக்குக் கொண்டுவந்ததில் பெரும் உழைப்பு வில்சனுடையது.

எழுதினால் போதுமா, மாநிலங்கள் ஏற்க வேண்டுமே. அக்டோபர் 6 அன்று பிலடெல்பியா ஸ்டேட் ஹவுஸ் முற்றத்தில் கூட்டத்துக்கு நடுவே அவர் பேசிய பேச்சு பத்திரிகைகள் வழியாக நாடு முழுக்கப் போனது. குடிமக்களின் உரிமைகளை எழுதி வைக்கும் உரிமைப் பட்டியல் ஏன் இல்லை என்று கேட்டவர்களுக்கு, கொடுக்காத அதிகாரம் மத்திய அரசுக்கு இல்லை, அதனால் தடையை எழுதி வைக்கத் தேவையில்லை என்று பதில் சொன்னார். கெட்டிக்காரத்தனமான வாதம்தான், ஆனால் மக்களின் அச்சத்தை அவர் குறைத்து எடைபோட்டுவிட்டார். 1791இல் பத்துத் திருத்தங்களாக உரிமைப் பட்டியல் வந்தே தீர்ந்தது. பென்சில்வேனியா 1787 டிசம்பர் 12 அன்று 46க்கு 23 என்ற கணக்கில் ஏற்றது. அந்த மாதக் கடைசியில் அவருடைய கொடும்பாவியை எரித்த ஊர், அவர் வக்கீல் தொழிலில் வளர்ந்த கார்லைலேதான்.

உச்ச நீதிமன்றம் அமைந்தபோது தலைமை நீதிபதி பதவியைத் தனக்குத் தரும்படி வாஷிங்டனுக்கே கடிதம் எழுதினார். கிடைத்தது ஜான் ஜேக்கு. வில்சனுக்கு இணை நீதிபதி பதவி. 1790 டிசம்பரில் பிலடெல்பியா கல்லூரியில் அவர் தொடங்கிய சட்ட விரிவுரைகளின் முதல் நாளுக்கு ஜனாதிபதி வாஷிங்டன், துணை ஜனாதிபதி ஜான் ஆடம்ஸ் எல்லாரும் வந்து உட்கார்ந்தார்கள். மனிதரிடம் இயல்பாகவே நல்லது கெட்டது உணரும் அறிவு உண்டு என்ற ஸ்காட்லாந்துத் தத்துவஞானி தாமஸ் ரீடின் கருத்தை அந்த விரிவுரைகளில் சட்டத்தோடு இணைத்தார். அவருடைய மக்கள் நம்பிக்கைக்கு வேர் இங்கே இருக்கிறது. விரிவுரைகள் பாதியில் நின்றன. மகன் பேர்ட் வில்சன்தான் அவர் இறந்தபின் 1804இல் அச்சிட்டார்.

தீர்ப்புகளில் முக்கியமானது 1793இன் சிஷோம் எதிர் ஜார்ஜியா. போர்க்காலத்தில் ஜார்ஜியாவுக்குச் சரக்குக் கொடுத்துப் பணம் வராமல் செத்துப்போன ஒருவரின் சார்பில், சிஷோம் என்ற தென் கரோலினாக்காரர் ஜார்ஜியா மேலேயே வழக்குப் போட்டார். மாநிலம் இறையாண்மை உடையது, அதன் மேல் வழக்குப் போட முடியாது என்றது ஜார்ஜியா. வில்சன் எழுதினார்: இங்கே இறையாண்மை மக்களுக்குத்தான், ஒரு தனிமனிதன் தன் வாக்குக்குக் கட்டுப்பட்டவன் என்றால், மனிதர்கள் கூடி அமைத்த மாநிலமும் கட்டுப்பட்டதே. தீர்ப்பு 4க்கு 1. மாறுபட்டவர் ஜேம்ஸ் ஐர்டெல் மட்டும். மாநிலங்கள் கொதித்தெழுந்து, 11ஆவது திருத்தத்தைக் கொண்டுவந்து அந்தத் தீர்ப்பையே கவிழ்த்துவிட்டன.

இதற்கிடையில் நிலம். பென்சில்வேனியா, நியூயார்க், வர்ஜீனியா, ஜார்ஜியா என்று லட்சக்கணக்கான ஏக்கர்களுக்கு ஒப்பந்தம் போட்டுக்கொண்டே போனார். லஞ்ச நாற்றம் அடித்த ஜார்ஜியாவின் யாசூ நில பேரத்திலும் 1795இல் பங்கு வாங்கினார். எல்லாம் புரோநோட்டில். ஐரோப்பாவிலிருந்து குடியேறிகள் அலையலையாக வருவார்கள், நிலம் விலையேறும், கடனை அடைத்துவிடலாம் என்பது கணக்கு. ஐரோப்பாவில் போர் மூண்டது. எதிர்பார்த்த வேகத்தில் ஆளும் வரவில்லை, முதலீடும் வரவில்லை. 1796-97 நிதி நெருக்கடியில் எல்லாம் சரிந்தது. வில்சன் கோட்டையில் கூட இருந்த ராபர்ட் மாரிஸ், புரட்சிக்கே பணம் திரட்டிக் கொடுத்தவர், அவரும் 1798இல் கடனாளிச் சிறைக்குப் போனார்.

நீதிமன்ற அமர்வுக்கு வந்தால் கைதாவோம் என்ற நிலையில் வில்சன் 1797இல் பிலடெல்பியாவை விட்டு வெளியேறினார். நியூ ஜெர்சியின் பர்லிங்டனில் பிடித்துச் சிறையில் வைத்தார்கள். மகன் பணம் புரட்டி வெளியே எடுத்தார். தெற்கே வட கரோலினாவின் ஈடன்டன் ஊருக்கு ஓடினார். சிஷோம் வழக்கில் எதிர்த்தீர்ப்பு எழுதிய நீதிபதி ஐர்டெலின் ஊர் அது. அங்கே கோர்ட்டுக்கு அருகில் இருந்த ஒரு விடுதியில் தங்கினார். ஆனால் அங்கேயும் ஒருவர் வாரன்ட் கொண்டுவந்தார். மாநாட்டில் தென் கரோலினா சார்பில் கூடவே உட்கார்ந்திருந்த பியர்ஸ் பட்லர்தான் அவர். கேட்ட தொகை 1,97,000 டாலர். மறுபடியும் சிறை.

இரண்டாம் மனைவி ஹன்னா கிரே, பாஸ்டன்காரர். 1793இல் கல்யாணம் ஆனபோது அவருக்கு 19 வயது, வில்சனுக்கு 51. அந்தப் பெண் வடக்கே திரும்பிவிடவில்லை. ஈடன்டனுக்கே வந்து கூட இருந்தார். விடுதலையான பிறகு வில்சனை மலேரியா பிடித்தது. அதிலிருந்து தேறியும் தேறாமலும் இருக்கையில் பக்கவாதம். 1798 ஆகஸ்ட் 21 அன்று இறந்தார். அப்போதும் அவர் உச்ச நீதிமன்ற நீதிபதிதான்; யாரும் பதவியைப் பறிக்கவில்லை. ஐர்டெலின் மைத்துனர் சாமுவேல் ஜான்ஸ்டனின் பண்ணையில் புதைத்தார்கள்.

ஏன் மறக்கப்பட்டார் என்ற கேள்விக்கு வருவோம். அவமானம் ஒரு காரணம். கூட வேலை செய்தவர்கள் அவர் பெயரை எடுக்கவே கூசினார்கள். ஆனால் அது மட்டும் போதாது என்பது என் எண்ணம். மாநாடு மூடிய கதவுக்குள் நடந்தது. யார் என்ன பேசினார்கள் என்பதைக் காட்டும் மாநாட்டுப் பிரதிநிதி ஜேம்ஸ் மாடிசனின் குறிப்புகள் 1840இல்தான் அச்சேறின. அதுவரை வில்சன் செய்தது வெளியுலகுக்கு முழுதாகத் தெரிய வழியில்லை. அவருக்குக் கட்சியும் இல்லை, கொடி பிடிக்கச் சீடரும் இல்லை, தன் கதையைத் தானே எழுதிக்கொள்ள ஆயுளும் இல்லை. 1906இல் பென்சில்வேனியா அவருடைய எலும்புகளை ஈடன்டனிலிருந்து கொண்டுவந்து பிலடெல்பியா கிறிஸ்ட் சர்ச்சில் மரியாதையோடு புதைத்தது. அதே ஆண்டு ஜனாதிபதி தியோடர் ரூஸ்வெல்ட் பென்சில்வேனியாவின் தலைநகர் ஹாரிஸ்பர்க்கில் அவரைப் புகழ்ந்து பேசினார்.

அவரை நேரடியாகப் படிக்க விரும்பினால் சிஷோம் தீர்ப்பில் அவர் எழுதிய பகுதியிலிருந்து தொடங்குங்கள். விரிவுரைகள் நீளம், மேற்கோள்கள் வழியை மறிக்கும். தீர்ப்பு அப்படியில்லை. அரசு, மாநிலம், குடிமகன் என்று ஒவ்வொன்றாக எடுத்து அது என்ன என்று அடியிலிருந்து கேட்டுக்கொண்டு போவார். அதன் பிறகு 1774 துண்டுநூலைப் படித்தால், இருபது வருட இடைவெளியில் அவர் ஒரே கேள்வியைத்தான் கேட்டுக்கொண்டிருந்தார் என்பது தெரியும்.